நாற்பத்திரண்டு சுற்று

ஊர்காம் ஸ்டேஷனில் அந்த அக்கா ரயில் ஏறும்போதே உதடு அசைந்துகொண்டிருக்கும். வீட்டு வாசலிலிருந்து பெட்டியின் கைப்பிடி வரைக்கும் எத்தனை அடி என்று தினமும் எண்ணிக்கொண்டே வருவார். நடுவில் யாராவது "இன்னாக்கா, சாப்ட்டீங்களா?" என்றால் பதில் வராது. கேட்டவர் புதுசாக இருந்தால் முகம் சுண்டிப்போகும். அக்கா உட்கார்ந்து, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்து, "எழுநூத்தி பதினெட்டு" என்று முடித்த பிறகுதான் எங்கள் பக்கம் திரும்புவார். "இன்னிக்கி ஆறு அடி ஜாஸ்தி. சாக்கடைய சுத்திகினு வந்தேன்" என்பார். அப்புறம் கேட்டவரைத் தேடிப் பிடித்து, "சாப்ட்டேன், நீங்க?" என்று கேட்பார்.

தங்கவயலில் தங்கம் தீர்ந்த பிறகு பாதி ஊர் விடிவதற்குள் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறது. நானும் போகிறேன். அங்கே ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் கிளார்க். அந்த அக்கா ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனியில், செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் மேசையில் இருந்தார். போக வர ஐந்து மணி நேரம் ஒரே பெட்டியில், ஒரே மூலையில் உட்கார்ந்து போகிறவர்களுக்குள் சொந்தக்காரர்களுக்குள் இல்லாத நெருக்கம் வந்துவிடும். இதெல்லாம் ஏழெட்டு வருஷத்துக்கு முந்தைய கதை. அக்கா இருந்தால், ஏழா எட்டா என்று கேட்பார். எட்டு.

"சுமார்னு ஒரு நம்பர் இல்ல தம்பி" என்பது அவர் அடிக்கடி சொல்லும் பேச்சு. கோரமண்டல் ஸ்டேஷனில் மல்லிகைப் பூக்காரம்மா ஏறுவார். எல்லோரும் முழம் போட்டு வாங்குவார்கள். அக்கா மட்டும் பூவை எண்ணுவார். நேற்றைய முழத்தில் தொண்ணூற்றாறு, இன்றைக்கு எண்பத்தொன்பது என்று அவர் சொன்னதும் பூக்காரம்மாவுக்குக் கோபம் வந்துவிடும். "அடி பொம்பள, நீ சாமிக்கி பூ வாங்குறியா, எனக்கு பரீட்சை வெக்கிறியா?" அக்கா சிரிக்கமாட்டார். கொறைஞ்சதுக்கு சண்டை போடலை, எண்ணினேன், அவ்வளவுதான் என்பார். அதுவும் உண்மைதான். ஒரு நாளும் கூடுதல் பூ கேட்டதில்லை.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவை கேட்டேன். நந்திதுர்க் சுரங்கத்தில் அவருடைய அப்பா கேஜுக்கு பெல் அடிக்கிறவராம். கேஜ் என்பது ஆட்களைப் பூமிக்குள் இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டு. ஷிப்ட் முடிந்ததும் கீழே சுரங்கத் தளத்தில் நின்று ஆட்களை எண்ணி எண்ணி ஏற்றிவிட்டு, கடைசிக் கேஜில் அவர் ஏறுவார்.

"கடைசியில கைய நெஞ்சில வெச்சி, 'நான் ஒண்ணு'ன்னுவாராம். தன்ன வுட்டுட்டு எண்ணுனா மேல ஒரு ஆளு கொறையும்ல? அப்புறம் கீழ எவனோ மாட்டிகினான்னு ஊரே தேடும்."

இதைச் சொல்லும்போது அக்காவும் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். நான் அதைக் கதையாகத்தான் கேட்டேன். அந்தக் கை நெஞ்சுக்குப் போனது எனக்குப் பிற்பாடு எவ்வளவு தேவைப்படும் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

இன்னொரு தடவை நேரிலேயே பார்த்தேன். ரயில் சிநேகிதர் ஒருவரின் கல்யாணம் பேத்தமங்களாவில். எல்லோரும் ஒரு வேனில் போனோம். சாப்பிட்டு முடித்து ஏறியதும் டிரைவர், "எல்லாரும் வந்தாச்சா? பேக பேக" என்று கன்னடமும் தமிழுமாக அவசரப்படுத்தி வண்டியைக் கிளப்பிவிட்டார். அக்கா எழுந்து நின்று ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்து, கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டார். "இருவத்தி ஒண்ணு, நான் இருவத்தி ரெண்டு. வரும்போது இருவத்தி மூணு. வண்டிய நிறுத்து."

"நின்னுட்டவங்க பஸ்ல வருவாங்கம்மா" என்றார் டிரைவர்.

"நிறுத்துன்னேன்ல?"

குறைந்த அந்த ஒருவன் நான்தான். ஏரிக்கரையில் ஏறி நின்று தண்ணீரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சிரைக்க ஓடிவந்து ஏறியபோது எல்லோரும் கேலி செய்தார்கள். அக்கா என் தலையைத் தொட்டு, "இருவத்தி மூணு" என்றுவிட்டு உட்கார்ந்தார். அந்த விரல் தலையில் பட்டபோது எனக்கு என்னவோ சின்னப் பிள்ளையாகிவிட்ட மாதிரி இருந்தது. என்னைக் காணோம் என்று அந்த வேனில் வேறு யாருக்கும் தெரியவில்லை.

இனி என் விஷயத்துக்கு வரவேண்டும். ஒத்திப்போட்டுக்கொண்டே வருகிறேன்.

எனக்கு ஹாம் ரேடியோ பைத்தியம் பிடித்தது அப்போதுதான். சொந்தமாக ஒரு வானொலிப் பெட்டி வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, எங்கோ இருக்கிற முன்பின் தெரியாத ஆளோடு காற்றில் பேசுவது. நான் பரீட்சையில் தேறிவிட்டேன். புத்தகம் படிப்பதில் என்னை மிஞ்ச எங்கள் ரயில்பெட்டியில் ஆள் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. ரெடிமேட் ரேடியோ வாங்குவது கௌரவக் குறைச்சல் என்று கிட் வரவழைத்தேன். ஒரு தகடு, கைநிறைய பொடிப்பொடிச் சாமான்கள், குட்டி மெதுவடை போல நாலைந்து வளையங்கள், ஒரு சுருள் மெல்லிய செம்புக் கம்பி. அந்த வளையங்களில் கம்பியை நாமேதான் சுற்றிக் காயில் ஆக்கவேண்டும். அதில் பெரிய காயிலுக்கு நாற்பத்திரண்டு சுற்று.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை சுற்றினேன். கம்பி முறுக்கிக்கொண்டது, ஒன்றின்மேல் ஒன்று ஏறியது, எண்ணிக்கை விட்டுப்போனது. முப்பதா முப்பத்தொன்றா என்று தெரியாதபோது முப்பத்தொன்று என்று வைத்துக்கொண்டு மேலே சுற்றினேன். கடைசியில் கிட்டோடு வந்த கம்பி முழுவதும் வீணாகிவிட்டது. வெட்கத்தை விட்டு அதை ரயிலுக்குக் கொண்டுபோனேன்.

அக்கா கையில் வாங்கிப் பார்த்தார். "இன்னா தம்பி இது, தலைவாராத பொண்ணு மாதிரி கீது."

"எண்ணிக்கை நடுவுல விட்டுப்போச்சுக்கா."

"வுட்டுப்போனா அவுத்துடணும். சந்தேகம் வந்த எடத்துல மேல சுத்தக்கூடாது. எங்க மேசையில அதான் மொதல்ல சொல்லிக்குடுக்கறது."

அவர் அதுவரை சுற்றியதெல்லாம் கட்டை போன்ற அச்சில். வளையம் புதுசு. திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது எப்படி எண்ணுவது என்று என்னைக் கேட்டார். நான் கிட்டின் கையேட்டில் தேடிக்கொண்டிருக்கும்போதே அவருக்கே புரிந்துவிட்டது. "ஓட்டைக்குள்ள ஒருவாட்டி போனா ஒண்ணு. அப்டித்தானே இருக்கணும்?" என்றார். ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினேன். உண்மையில் நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவே இல்லை.

ஆண்டர்சன்பேட்டையில் மோட்டார் வைண்டிங் கடை ஒன்றிலிருந்து அதே கனத்தில் கம்பி வாங்கிக்கொண்டு, மறுநாளே சுற்றிக் கொண்டுவந்தார். பட்டர் பேப்பரில் மடித்து, மேலே பென்சிலில் 42 என்று எழுதியிருந்தது. பிரித்தேன். ஒவ்வொரு சுற்றும் பக்கத்துச் சுற்றைத் தொட்டும் தொடாமலும் படுத்திருந்தது. பெட்டியில் இருந்தவர்களெல்லாம் கைமாற்றி வாங்கிப் பார்த்தார்கள்.

"முனைய சீவிக் குடுக்கட்டா?" என்றார்.

"வேணாங்க்கா, அத நான் பாத்துக்கறேன்."

அந்தக் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத எனாமல் பூச்சு ஒன்று உண்டு. முனையில் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே ஒட்டினது மாதிரியே இருக்கும், உள்ளே மின்சாரம் போகாது. என் கையேட்டில், சூடு பட்டாலே எனாமல் எரிந்துபோகும், சுரண்ட வேண்டியதில்லை என்று போட்டிருந்தது. அது கிட்டோடு வந்த கம்பிக்கு. அக்கா வாங்கி வந்தது மோட்டார் கம்பி. அதன் பூச்சு என் சின்னப் பற்றவைப்பு இரும்பின் சூட்டுக்கெல்லாம் அசையாது. இந்த வித்தியாசம் வைண்டிங் கடையில் டீ வாங்கிவரும் ஆளுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாது.

இறங்கும்போது அக்கா ஒன்று கேட்டார். "நானும் பதினஞ்சு வருசமா சுத்தறேன். சுத்துனது எங்க போவுது, யாரு வீட்ல ஓடுதுன்னு ஒண்ணுகூட பாத்ததில்ல. இது பேசும்னீங்கள்ல? பேசுனா எனக்கு ஒருவாட்டி கேக்கவெக்கிறீங்களா?"

"கண்டிப்பா அக்கா" என்றேன்.

ரேடியோ பேசவில்லை. ஒரு வாரம் போராடினேன். தகட்டை முகர்ந்து பார்க்காத குறை. கடைசியில் அந்தக் காயிலைக் கழற்றி எண்ணிப் பார்த்தேன். வளையத்தின் வெளிப்பக்கம் எண்ணினேன். நாற்பத்தொன்று வந்தது. மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்றுதான். எனக்கு எவ்வளவு நிம்மதி! தப்பு என்னுடையது இல்லை.

துளைக்குள்ளே போகிற கம்பியைத்தான் எண்ணவேண்டும், வெளிப்பக்கம் எண்ணினால் எப்போதும் ஒன்று குறைவாகத்தான் தெரியும் என்று அதே கையேட்டின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. பிறகுதான் பார்த்தேன்.

அந்த வாரம் அக்காவின் கம்பெனியில் ஒரு பிரச்சனை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு லோடு டிரான்ஸ்ஃபார்மர் திரும்பி வந்துவிட்டதாம், சுற்று குறைகிறதாம், எந்த மேசை என்று தேடுகிறார்களாம். இதைச் சொன்னது அவர்களுடைய லைன் இன்சார்ஜ். அவரும் எங்கள் மூலையில்தான் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டு வருவார். எனக்கு இது தெரியும். தெரிந்தும்தான் மறுநாள் காலை ரயிலில், எல்லோரும் கேட்கும்படி, காயிலைத் தூக்கிக் காட்டிச் சொன்னேன்.

"அக்கா, ஒண்ணு கொறையுது. நாப்பத்தி ஒண்ணுதான் இருக்கு. அதான் ரேடியோ வேலை செய்யல."

ஒரு கத்தரிக்காய்க் கூடையைத் தள்ளி வைத்துக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

"முனைய சீவினீங்களா?" என்றார் அக்கா.

"அதெல்லாம் ஆச்சு" என்றேன். சீவவில்லை.

"குடுங்க இப்டி."

வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் துளைக்குள்ளே ஒவ்வொரு கம்பியாகத் தள்ளி எண்ண ஆரம்பித்தார். உதடு அசைந்தது. அதற்குள் பங்காருபேட்டை வந்துவிட்டது. அங்கே ஏறுகிற கூட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்காது, மூட்டையும் முடிச்சுமாக உள்ளே கொட்டும். யாரோ இடித்தார்கள். எண்ணிக்கை விட்டுப்போனது. அக்கா முதலிலிருந்து ஆரம்பித்தார். அவர் விரல் இடுக்கிலிருந்து நான் அந்தக் காயிலை எடுத்துக்கொண்டேன்.

"விடுங்கக்கா. ஒண்ணு கொறைஞ்சா இன்னா இப்ப? எல்லாரும் மனுஷங்கதானே. நான் ஒண்ணும் நெனச்சுக்கல."

இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நாற்பத்தொன்று என்றது அறியாமை. இது பெருந்தன்மை வேஷம். செய்யாத தப்பை மன்னித்து விட்டுக்கொடுத்தவன் மாதிரி காயிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சிரித்தேன். இன்சார்ஜ் போனிலிருந்து தலை நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அக்காவின் கை, காயில் இன்னும் இருக்கிற மாதிரியே விரல் குவிந்து மடியில் கிடந்தது.

அடுத்த வாரம் அவரைக் காயில் மேசையிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டார்கள். "நான் சுத்துனதுல எத வேணா எடுத்து அவுத்து எண்ணுங்கன்னேன். அதுக்கு நேரமில்லன்றாங்க" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். நான் ஜன்னலுக்கு வெளியே சயனைடு மேட்டை, தங்கம் எடுத்தபின் கொட்டிய மண்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நாள் அட்டைப்பெட்டி மடித்துவிட்டு, அக்கா வேலையை விட்டுவிட்டார். ஊர்காம் ஸ்டேஷனில் அவர் ஏறுகிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வேறு யாரோ ஏறினார்கள்.

ஆறு மாதம் ரேடியோ அலமாரியில் கிடந்தது. பிறகு ஹாம் நண்பர் ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, வேறு எதையும் கேட்காமல், "முனை சுரண்டினீங்களா?" என்றார். ஷேவிங் பிளேடை எடுத்து அந்தக் காயிலின் முனைகளைச் சுரண்டினேன். செம்பு பளிச்சென்று வெளியே வந்தது. பற்றவைத்து, ஸ்விட்சைப் போட்டேன். தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல், அதற்கு நடுவில் எங்கோ விசாகப்பட்டினத்து ஆள் ஒருவர் தெலுங்கில் தன் வீட்டு மாடித் தோட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். முதல் குரல். குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஒரு ஊசியை எடுத்து வளையத்தின் துளைக்குள்ளே எண்ணினேன். நாற்பத்திரண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நந்திதுர்க் லைன் வீடுகளில் விசாரித்துக்கொண்டு போனேன். கதவு திறந்தே இருந்தது. சுவரில் புத்தர் படம், கீழே தரையில் அக்கா. ஆண்டர்சன்பேட்டைக் கடைக்கு மோட்டார் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்ற, மறு கையில் கம்பி ஓடிக்கொண்டிருந்தது. உதடு அசைந்தது. என்னைப் பார்த்தார், நிறுத்தவில்லை.

அவருடைய வீட்டுக்காரர் வெளியே வந்தார். செக்யூரிட்டி வேலையிலிருந்து நின்றவர், மெதுவாகப் பேசுகிறவர். "எண்ணிகினு கீறா. உக்காருங்க தம்பி, இன்னா விசயம்?"

காத்திருந்திருக்கலாம். அந்தச் சக்கரம் நின்றதும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்க்காமல் சொல்ல ஒரு வழி கிடைத்ததும் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்காரரிடமே மடமடவென்று சொல்லித் தீர்த்தேன். தப்பு என்னுடையது, முனை சீவவில்லை, சீவினேன் என்று பொய் சொன்னேன், சுற்று சரியாகத்தான் இருந்தது, மன்னிக்கணும். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் சக்கரம் சுழலும் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

சத்தம் நின்றது. அக்கா கம்பியைக் கட்டி, வெட்டி, முனையைச் சீவி வைத்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார். கோபம் தெரியவில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க அத வூட்ல சொல்லல தம்பி. ரயில்ல சொன்னீங்க. பங்காருபேட்டை கூட்டம் ஏறுறதுக்கு முன்னால. அன்னிக்கி நீங்க சொன்னத பதினேழு பேரு கேட்டாங்க. பதினேழு பேர்கிட்டயும் சொல்லிட்டு வாங்க."

"சொல்றேங்க்கா."

"சொல்லிட்டு அந்த ரேடியோவ எடுத்துகினு வாங்க. கேக்கணும்."

அவர் அடுத்த காயிலுக்குக் கம்பி மாட்ட ஆரம்பித்துவிட்டார். நான் கிளம்பினேன்.

பதினேழு பேர். வீட்டுக்கு வந்து ஒரு தாளில் எழுதினேன். தினமும் ஒரே இடத்தில் உட்காருகிறவர்கள் என்பதால் முகம் முகமாக ஞாபகம் வந்தது. பூக்காரம்மா, ஆஸ்பத்திரி நர்ஸ், கத்தரிக்காய்க்காரர் என்று வரிசையாக. பதினாறு வந்தது. எத்தனை தடவை எழுதினாலும் பதினாறு. சரி, சொல்ல ஆரம்பித்தால் அந்த ஒருவர் தானாகத் தெரிந்துவிடுவார் என்று நினைத்தேன்.

சொல்வது அவ்வளவு லேசாக இல்லை. பூக்காரம்மா, "நீ நல்லா இருப்பியா?" என்று அத்தனை பேர் நடுவில் கேட்டுவிட்டு, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். நர்ஸ், "எந்தக் காயில்?" என்றார். அவர் மறந்தே போயிருந்தார். மறந்தவருக்கு நான் முதலில் என் குற்றச்சாட்டை ஞாபகப்படுத்தி, பிறகு அதை அழிக்கவேண்டியிருந்தது. இரண்டு பேர் வேலை மாறிவிட்டார்கள், தேடிப் போய்ச் சொன்னேன். பதினைந்து பேரிடம் சொல்லி முடிக்க இரண்டு மாதம். பதினாறாவது ஆள் அந்த இன்சார்ஜ். அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் ஐந்து மாதம் ஆனது. அவர் எதிரே வந்தால் நான் பக்கத்துப் பெட்டிக்குப் போவேன். நாளைக்கு என்பேன். திங்கட்கிழமை என்பேன். அவர் என்னைக் கடித்து விழுங்கிவிடப் போவதில்லை. இருந்தாலும் பயந்தேன்.

ஒரு வழியாகச் சொன்னேன். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அதுவா சார்? அந்த லோடு அவங்க மேசையே இல்ல. இன்னொரு மேசையில எண்ணுற மெஷின் கெட்டுப்போயிருந்துச்சு. அந்த மாசமே தெரிஞ்சுபோச்சு."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"அவங்கதான் நின்னுட்டாங்களே. ஹோகலி, விடுங்க சார்."

அன்றைக்கே அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்து, ரேடியோவை ஒரு பையில் வைத்துக்கொண்டேன். ஏரியல் கம்பிச் சுருளையும் பேட்டரியையும் எடுத்துக்கொண்டேன். மெஷின் கதையைச் சொன்னால் அக்கா என்ன சொல்வார் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். அந்தப் பதினேழாவது ஆள் யாரென்று அவரையே கேட்டுவிட்டு, ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்து, ரேடியோவைக் கேட்கவைப்பதாகத் திட்டம்.

புத்தர் படத்துக்குப் பக்கத்தில் அக்காவின் படம் இருந்தது. மாலை இன்னும் முழுசாக வாடவில்லை.

"காமாலை" என்றார் வீட்டுக்காரர். "பதினெட்டு நாளு படுத்திருந்தா. அவளேதான் எண்ணிகினு இருந்தா."

மூலையில் சக்கரம் இருந்தது. அதில் பாதி சுற்றிய காயில் ஒன்று அப்படியே நின்றிருந்தது. எங்கே விட்டார் என்று தெரியாததால் யாரும் தொடவில்லை என்றார். பையைத் தரையில் வைத்துவிட்டு நான் அழுதேன். எல்லோரிடமும் சொல்லிவிட்டேன் என்றேன். பதினாறு பேர்தான் கிடைத்தார்கள், ஒருவர் யாரென்று தெரியவில்லை, அதைக் கேட்கத்தான் வந்தேன் என்றேன்.

வீட்டுக்காரர் அந்தப் பாதிக் காயிலைப் பார்த்தார். பிறகு, "பதினேழுன்னா அவளையும் சேத்து தம்பி" என்றார். "எத எண்ணுனாலும் கடைசியில தன்னயும் ஒண்ணு சேத்துக்குவா. அவுங்க அப்பா பழக்கம். அவளும்தானே அன்னிக்கி அங்க ஒக்காந்து கேட்டுகினு இருந்தா?"

பேத்தமங்களா வேனில் அவர் தன் நெஞ்சைத் தொட்டு, நான் இருபத்திரண்டு என்றது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எனக்குச் சொல்லியும் கொடுத்திருந்தார், செய்தும் காட்டியிருந்தார்.

நான் அந்த மனிதரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். அக்காவின் முகத்தைப் பார்த்து ஒரு தடவையும் சொல்லாததை அவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன்.

"என்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டீங்களே தம்பி" என்றார் அவர்.